கவிழ்த்துப் பாருங்கள்: பழைய பிரிட்டிஷ் ராணுவத் தொப்பிகளைச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு

நான் முதலில் வாங்கிய தொப்பி போலி. வெள்ளைத் துணி பழுப்பேறியிருக்க, முன்னால் பித்தளைச் சின்னம் பளபளக்க, கடைக்காரர் அதைப் பிரசாதத் தட்டு போல இரண்டு கைகளாலும் நீட்டினார். "ஜூலுப் போருக்குப் போய்வந்தது, சார்" என்றார். 1879-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த அந்தப் போரிலிருந்து சென்னைச் சந்து வரை அது எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். விளிம்பின் அடித்துணி ஓரிடத்தில் பிரிந்திருந்தது. உள்ளே அசலில் இருக்க வேண்டிய தக்கையும் இல்லை, நெட்டியும் இல்லை. அழுத்திய காகிதக் கூழ். ஈரப் பஞ்சால் துணியைத் தொட்டேன். பஞ்சில் தேநீர் வாசம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஜூலுப் போரில் உண்மையான சிப்பாய்களும் வெள்ளைத் தொப்பி எதிரிக்குத் தெரியாமலிருக்கத் தேநீரில்தான் சாயமேற்றினார்கள். வரலாற்றைப் பொறுத்தவரை கடைக்காரர் பாடம் படித்தவர்தான். அன்றிலிருந்து தொப்பி கைக்கு வந்தால் முதல் வேலையாகக் கவிழ்த்துவிடுகிறேன். வெளிப்பக்கம் விற்பவர் காட்டுவது. உட்பக்கத்தை ஜோடிக்கப் பெரும்பாலானவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

முதல் படி: ஒரு வகையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்

பிரிட்டிஷ் ராணுவத் தலையணிகள் ஒரு கடல். கரடித்தோல் தொப்பி, ஷாக்கோ எனும் உயர்ந்த உருளைத் தொப்பி, கிளென்காரி எனும் ஸ்காட்லாந்துப் படகு வடிவத் தொப்பி, சிப்பாய்களின் சிறு வட்டத் தொப்பி என்று எல்லாவற்றையும் தொட்டால் பணம் கரையும், கண் பழகாது. காலனிகளில் அணிந்த வெயில் தொப்பிகளோடு தொடங்குங்கள் என்பேன். நம் வெயிலுக்காகப் பிறந்தவை என்பது ஒரு காரணம். வடிவத்தை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம் என்பது இன்னொன்று.

அவற்றில் மூன்றை அடையாளம் தெரிந்தால் போதும். முதலாவது, 1877-இல் ஏற்கப்பட்ட அயல்நாட்டுப் பணித் தொப்பி. உச்சி உயரம், முன்னும் பின்னும் அலகு போல நீண்டு, பக்கங்களில் விளிம்பு ஒடுங்கியிருக்கும். இரண்டாம் ஆப்கன் போர், ஜூலுப் போர் படங்களில் நீங்கள் காண்பது இதைத்தான். இரண்டாவது வோல்ஸ்லி தொப்பி. 1895 முதல் 1901 வரை பிரிட்டிஷ் தலைமைத் தளபதியாக இருந்த கார்னெட் வோல்ஸ்லியின் பெயர் இதற்கு. விளிம்பு சுற்றிலும் அகன்று, பின்கழுத்தை மூடும்படி சரிந்திருக்கும். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய போயர் போரில் அதிகாரிகள் பலர் தலையில் இது இருந்தது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவிலும் எகிப்திலும் இதன் ஆட்சிதான். மூன்றாவது, இரண்டு உலகப் போர்களுக்கு இடையே பரவிய கனத்த நெட்டித் தொப்பிகள். காட்டுப்பன்றியைக் குதிரைமேல் ஈட்டியோடு துரத்திய துரைமார் வழக்கத்தில் வந்த 'கான்பூர் டென்ட் கிளப்' வகை அவற்றில் பேர்போனது. விளிம்பு குடை போலிருக்கும்.

ஆழ்ந்த நீலத் துணி போர்த்த, உச்சியில் கூர்முனை வைத்த தொப்பி ஒன்றையும் இவற்றோடு கலந்து விற்பார்கள். அது 1878-இல் வந்த உள்நாட்டுப் பணித் தொப்பி. அழகானதுதான், ஆனால் இங்கிலாந்துக் குளிருக்கானது. ஆரம்பத்தில் ஒதுக்கிவையுங்கள்.

இரண்டாம் படி: உடல் எதனால் ஆனது?

நம் கதைகளில் வரும் 'சோலாத் தொப்பி'யில் இருப்பது சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளைக்காரர்களே அப்படி நினைத்துச் 'சோலார்' என்று எழுதினார்கள். உண்மையில் சோலா என்பது வங்காளச் சதுப்புகளில் வளரும் செடி. தமிழில் நெட்டி. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பெரிய கோயில் மாதிரியை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வெண்மையான, காற்றுப் போன்ற பொருளைத் தாள்தாளாகச் சீவி, அச்சின்மேல் பசையிட்டு அடுக்கினால் நெட்டித் தொப்பி.

அயல்நாட்டுப் பணித் தொப்பியும் வோல்ஸ்லியும் பெரும்பாலும் தக்கையால் ஆனவை. அது மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் ஓக் மரத்தின் பட்டை. இரண்டையும் பிரித்தறிய, துணி கிழிந்த இடம் ஒன்றைத் தேடுங்கள். நூறு வயதுத் தொப்பியில் ஓரிடமாவது பிரிந்திருக்கும். தக்கை தேன் நிறத்தில், கரும்புள்ளியும் கோடுமாக இருக்கும். நெட்டி வெள்ளை, அடுக்கடுக்காகத் தெரியும். சாம்பல் நிறத்தில் அட்டை போல ஒரே சீராக இருந்தால் அது காகிதக் கூழ். விரல் கணுவால் மெல்லத் தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம் வரும். இன்று வியட்நாமிலிருந்து வரும் மலிவான வெயில் தொப்பிகள் இந்த இனம். அமெரிக்காவில் 1930-களுக்குப் பின் வந்த அழுத்திய நார்த் தொப்பிகளும் அப்படியே. அவையும் நல்ல தொப்பிகள்தான்; ஆனால் பிரிட்டிஷ் காலனித் தொப்பிகள் அல்ல. சோதிக்கிறேன் என்று நெட்டியை நகத்தால் அழுத்தாதீர்கள். பள்ளம் விழும், திரும்ப எழாது.

மூன்றாம் படி: உட்பக்கத்தைப் படிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு வோல்ஸ்லியை மடியில் கவிழ்த்து வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கையில் சிறு டார்ச்சு.

விளிம்பின் அடியில் பெரும்பாலும் பச்சைத் துணி இருக்கும். மணலிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்க அந்த ஏற்பாடு. அதையடுத்துத் தோலால் ஆன வியர்வைப் பட்டை. அது கூட்டோடு ஒட்டியிருக்காது; இடையிடையே சிறு தக்கைத் துண்டுகள் வைத்துக் காற்று ஏற வழி விட்டிருப்பார்கள். அந்தக் காற்று வெளியேறத்தான் உச்சியில் குமிழ். அணிவகுப்பு நாளில் குமிழைத் திருகிக் கழற்றிவிட்டுக் கூர்முனையைப் பொருத்துவார்கள். திருகிப் பாருங்கள்: பழைய மரை சற்றே தேய்ந்து, களிம்பு ஏறி, முனகிக்கொண்டு சுழலும். வெண்ணெயில் கத்தி போல வழுக்கினால் சந்தேகப்படுங்கள்.

வியர்வைப் பட்டையை லேசாகத் தூக்கினால் அளவு எண் கிடைக்கும். பிரிட்டிஷ் அளவு என்பது அங்குலத்தில் தலையின் குறுக்களவு: 7 என்றால் சுற்றளவு சுமார் 56–57 சென்டிமீட்டர். சென்டிமீட்டரில் அளவு அச்சிட்டிருந்தால் அங்கேயே பேரத்தை நிறுத்துங்கள்.

அடுத்தது முத்திரை. மூன்று கோடுகள் கூடும் அம்பு முனை பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான குறி. அம்போடு ஆங்கில 'ஐ' இருந்தால் இந்திய அரசு. 'யூ'வுக்குள் அம்பு இருந்தால் தென்னாப்பிரிக்கா. 'சி'க்குள் இருந்தால் கனடா. புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அம்பு இல்லையென்றால் போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அரசு வழங்கியது சாதாரணச் சிப்பாய்க்கு. அதிகாரி தன் காசில் கடையில் வாங்கினார். அவர் தொப்பியில் அம்பு இருக்காது, கடையின் பெயர்தான் இருக்கும். சொல்லப்போனால் நேர்த்தியான அதிகாரித் தொப்பியில் 'கண்டெடுக்கப்பட்ட' அம்பு முத்திரைதான் எனக்கு அதிக நெருடல்.

கடை முத்திரை காலத்தையும் சொல்லும். லண்டனின் ஹாக்ஸ் நிறுவனத் தொப்பிகள் பெயர்பெற்றவை. முகவரி 14, பிக்காடிலி என்றிருந்தால் அது 1912-க்கு முந்தியது. அதன் பிறகு கடை 1, சவில் ரோவுக்குப் போய்விட்டது. எகிப்தின் போர்ட் சையதிலிருந்த சைமன் ஆர்ட்ஸ் கடையின் முத்திரையும் அடிக்கடி கிடைக்கும். கிழக்கே வரும் கப்பல்கள் அங்கே நிற்கும்போது பயணிகள் இறங்கி வெயில் தொப்பி வாங்குவது வழக்கம். அது ராணுவத் தொப்பியாகவும் இருக்கலாம். முதன்முறை இந்தியா வரும் குமாஸ்தாவின் தொப்பியாகவும் இருக்கலாம்.

இதே குழப்பம் இங்கேயும் உண்டு. நீலகிரி, கொடைக்கானல், இலங்கை மலையகம் என்று தோட்டத் துரைமார் வாழ்ந்த இடங்களின் பழைய பங்களாச் சாமான்களில் சோலாத் தொப்பி வராமலிராது. விற்பவர்கள் அதைக் 'கர்னல் தொப்பி' என்பார்கள். ராணுவத் தொப்பியில் பெரும்பாலும் பக்ரி எனும் துணிச் சுற்று இருக்கும். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சீராக அடுக்கியிருக்கும். பக்கவாட்டில் படைப்பிரிவின் வண்ணத் துணித் துண்டு, அல்லது அது இருந்த இடத்தில் வெளுக்காத ஒரு சதுரம் தெரியும். இவை எதுவும் இல்லையென்றால் தேயிலைத் தோட்டத் தொப்பி என்று எண்ணி, அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

நான்காம் படி: பித்தளைச் சின்னம்

போலிகள் பெருகும் இடம் இதுதான். காரணம் எளிது: வெறும் தொப்பியைவிடச் சின்னம் வைத்த தொப்பிக்கு விலை ஏறும், சின்னம் சட்டைப்பையில் அடங்கும்.

முதலில் கிரீடத்தைப் பாருங்கள். விக்டோரியா காலத்துக் கிரீடம் மேலே சற்றே தட்டையாகப் பரந்து, ஓரங்களில் மூலை காட்டும். 1901-க்குப் பிறகு 1950-களின் தொடக்கம் வரை மன்னர் காலத்து டியூடர் கிரீடம், கவிழ்த்த கிண்ணம் போல வளைந்திருக்கும். இரண்டாம் எலிசபெத் காலத்தில் நடுவே பள்ளம் விழுந்த கிரீடம் வந்தது. மூன்றாம் சார்லஸ் மறுபடியும் டியூடர் கிரீடத்தைக் கொண்டுவந்திருப்பதால், நேற்று அடித்த சின்னத்திலும் வளைந்த கிரீடம் இருக்கலாம்.

அடுத்தது எண். 1881-இல் சில்டர்ஸ் சீர்திருத்தம் வந்தபோது காலாட்படைப் பிரிவுகளுக்கு எண்ணை எடுத்துவிட்டு வட்டாரப் பெயர் கொடுத்தார்கள். ஜூலுப் போரில் அடிபட்ட 24-ஆம் படைப்பிரிவு 'சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ்' ஆனது. சின்னத்தில் அந்தப் புதிய பெயரை வைத்துக்கொண்டு ஜூலுப் போர்க் கதை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். நம் பக்கத்து உதாரணமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படை பின்னாளில் 102-ஆம் பிரிவாகி, 1881-இல் 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' என்று அயர்லாந்துப் பெயரில் மறைந்தது. 1857-இல் கர்னல் நீலின் கீழ் அவர்கள் அணிந்த நீல உறைத் தொப்பியால் 'நீலின் நீலத்தொப்பிகள்' என்று அழைக்கப்பட்டார்கள். வட இந்தியாவில் அந்த நீல் நடத்திய தூக்குத் தண்டனைகளுக்காகத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவன் சிலையை அகற்றப் போராட்டம் நடந்தது. 1937-இல் சிலை இறங்கியது. இந்தத் தொப்பிகளை ஏன் சேர்க்கிறாய் என்று வீட்டில் கேட்டால் நான் இந்தக் கதையைச் சொல்வேன். யார் தலையில் இருந்தது என்று தெரியாமல் வைத்திருப்பதைவிட, தெரிந்து வைத்திருப்பது மேல்.

சின்னம் உண்மையாகவே இருந்தாலும் அது அந்தத் தொப்பிக்கு உரியதுதானா? மறுபடியும் கவிழ்த்துங்கள். சின்னத்தின் பின்னாலுள்ள காது வளையங்கள் உள்ளே வரும் துளைகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருக்க வேண்டும். துணியில் வளையம் போலக் கறை இருக்க வேண்டும். துளையின் ஓரம் புதிதாகக் குத்திய ஊசித்துளை போல வெளுப்பாக இருந்தால், கல்யாணம் அண்மையில்தான் நடந்திருக்கிறது. போர்க்களத்தில் சின்னத்தைக் கழற்றிவிடுவதும் வழக்கம் என்பதால், சின்னமில்லாத நல்ல தொப்பியைக் குறைவாக எண்ணாதீர்கள். தொடங்குபவருக்கு அதுவே சிறந்த கொள்முதல்.

ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய வெளிர்நீல ஒளிர்வுச் சாயம் கலந்த நூலும் துணியும் அதன் கீழ் பளீரென மின்னும். பழைய பருத்தி மங்கிக் கிடக்கும். ஆனால் இன்றைய சோப்புத்தூளில் யாராவது துவைத்திருந்தாலும் மின்னும். தையல் நூல் மட்டும் மின்னி, துணி மின்னாவிட்டால் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தியச் சிப்பாய்களின் தலைப்பாகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அது தனி உலகம். கட்டிய துணி அவிழ்ந்தால் வடிவமே போய்விடும், அதனால் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. 1805 நவம்பரில் மெட்ராஸ் படைத் தளபதி ஜான் கிராடக் கொண்டுவந்த புதிய தலைப்பாகை தோல் குஞ்சத்தோடு வெள்ளைக்காரன் தொப்பி போலிருந்தது. மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற கோபம் கிளம்பியது. 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் வெடித்ததற்கு அந்தத் தலைப்பாகை ஒரு முக்கியக் காரணம். ஆளுநர் பென்டிங்கும் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். 'வேலூர் தலைப்பாகை' என்று யாராவது விற்க வந்தால் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வாங்குவதும் சட்டமும்

முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள், பாருங்கள். சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் சீருடைகளும் ஆயுதங்களும் இருக்கின்றன. லண்டன் செல்சியிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகம் தன் சேகரிப்பின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே ஐம்பது வோல்ஸ்லிகளைப் பார்த்த கண் கடையில் தானாகவே தயங்கும். முதல் ஆண்டுக்கு ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்கு மேல் ஒதுக்க வேண்டாம். ஏமாந்தால் வலிக்கும், ஆனால் தூக்கம் கெடாது.

தொலைவிலிருந்து வாங்கினால் வெளிப்படத்தை நம்பாதீர்கள். உள் உச்சி, வியர்வைப் பட்டையின் பின்புறம், சின்னத் துளைகள், விளிம்பின் அடி என்று நான்கு படங்கள் கேளுங்கள். நேர்மையானவர் அன்றே அனுப்புவார். 'குடும்பத்தில் இருந்தது' என்ற கதைக்குத் தனி விலை கொடுக்காதீர்கள். காகிதம் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

கறுப்பு அரக்குப் பூசிய தகரப் பெட்டியோடு தொப்பி கிடைத்தால் யோகம். மூடியில் அதிகாரியின் பெயரும் படைப்பிரிவும் எழுதியிருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய ராணுவ அதிகாரிகள் பட்டியல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. லண்டன் கெஜட்டும் அப்படியே. ஒரு மாலை உட்கார்ந்தால் அவர் எந்த ஆண்டு எந்தப் படையில் இருந்தார் என்று தெரிந்துவிடும். ஆனால் பெட்டியும் தொப்பியும் ஒரே ஆளுடையவையா என்று அளவு வைத்துப் பாருங்கள். தொப்பி பெட்டிக்குள் குலுங்கினாலோ மூடி மூடாவிட்டாலோ பெட்டி வேறு வீட்டுப் பிள்ளை.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம். நூறு ஆண்டுகளைக் கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள் இந்தியாவில் தொல்பொருள் ஆகலாம். தனிநபர் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. 1915-இன் வோல்ஸ்லி இன்று அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஐயமுள்ள பொருளுக்கு, அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். தொல்பொருள் வணிகத்துக்கும் உரிமம் வேண்டும். கடைக்காரரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள், ரசீதும் வாங்குங்கள்.

ஆறாம் படி: நம் ஊர்க் காற்றில் காப்பாற்றுவது

பாதி தொப்பிகள் வாங்கிய பிறகுதான் சாகின்றன. கொலையாளி பெரும்பாலும் அன்புதான்.

வெள்ளைத் தொப்பியைத் துவைக்கவோ ஈரத்துணியால் துடைக்கவோ கூடாது. அதன் மேலிருப்பது அழுக்கு மட்டுமல்ல, சிப்பாய் பூசிய வெள்ளைக் களிமண் பூச்சு. மென்மையான பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டிவிட்டால் போதும். வறண்ட வியர்வைப் பட்டைக்குத் தேங்காயெண்ணெய் தடவும் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. எண்ணெய் துணியில் ஊறி விளிம்பு வரை பரவி, மூன்றாவது மாதம் சிக்கு வாடை அடித்தது. கறை இன்றுவரை போகவில்லை. பித்தளைக்குப் பாலிஷும் வேண்டாம். வெள்ளைப் பொடி சின்னத்தின் இடுக்கிலும் துணியிலும் தங்கிவிடும், விலையும் இறங்கும்.

தாடை வாரை ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள். தைத்த இடம் கிழியும். விளிம்பில் நிறுத்தியும் வைக்காதீர்கள். வோல்ஸ்லியின் விளிம்பு ஒரே மழைக்காலத்தில் நெளிந்துவிடும். எடை முழுவதும் உள் உச்சியில் தாங்கும்படி, பாலித்தீன் நுரையைத் தலை வடிவில் வெட்டி, வெள்ளைப் பருத்தித் துணி சுற்றித் தாங்கி செய்யுங்கள். பழைய செய்தித்தாளைத் திணிப்பது நம் வழக்கம். அதிலுள்ள அமிலம் துணியை மஞ்சளாக்கும். அமிலமற்ற மென்தாள் வாங்குங்கள்.

ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி, ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். சென்னையில் இரவு மட்டும் குளிர்சாதனம் ஓடும் அறையைவிட, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் உள் அலமாரி நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலமும் சிறிய ஈரப்பதமானியும் போதும். பூச்சிகளில் ராமபாணம்தான் முதல் எதிரி. அடுக்குகளை ஒட்டிய மாவுப் பசை அதற்கு விருந்து. நெட்டியில் பொடி உதிர்ந்தால் தொப்பியைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் மூடி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்காதீர்கள், இல்லையென்றால் நீர் கோத்துக்கொள்ளும். அரக்கோ வண்ணமோ பூசிய தொப்பிக்கு இது வேண்டாம். அந்துருண்டையை மூடிய பெட்டிக்குள் போடுவதும் எனக்குப் பிடிக்காத வழி. வாடை தொப்பியை விட்டுப் போகாது, உங்கள் நுரையீரலுக்கும் கேடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலங்கு உரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பிகளில் பாதரச எச்சம் இருக்கலாம். அந்த ஃபெல்ட் செய்யப் பாதரச உப்புப் பயன்பட்டது. எந்தப் பழைய தொப்பியையும் கையுறையோடு தொடுங்கள், தலையில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். குழந்தைகள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: எழுதிவையுங்கள்

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது இது. தேதி, விலை, விற்றவர் சொன்னது, நீங்கள் கண்டது. கடைசி இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அவை ஒன்றாகிவிடும். ஆறு கோணங்களில் படம், உட்பக்கம் கட்டாயம். ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டாம். சிறிய அட்டைச் சீட்டில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலில் கட்டுங்கள். என் முதல் தொப்பிக்கும் ஒரு சீட்டு தொங்குகிறது. விற்றவர் சொன்னது: ஜூலுப் போர், 1879. நான் கண்டது: காகிதக் கூழ், தேநீர்.